ஆளில்லா வீடும் முடக்கு ஒழுங்கையும்: வலிகாமத்து நிகழ்வு ஆய்வு ஒண்டு

இது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில ஒரு ஊரில, ஒரே ஒரு ஒழுங்கையில 2023 நடுப்பகுதியில தொடங்கி 2025 வரைக்கும் இழுபட்ட விசயம்: ஆளில்லா வீடு ஒண்டில பெடியள் கூடினதால வந்த கரைச்சலும், அதை நாங்கள் தீர்க்கப் பாத்த விதமும். ஊரின்ர பேரும் ஆக்களின்ர பேரும் போடேல்ல, ஏனெண்டா சம்பந்தப்பட்ட எல்லாரும் இண்டைக்கும் அதே ஒழுங்கையிலதான் இருக்கினம், விடிய எழும்பி ஒராளின்ர முகத்தில ஒராள் முழிக்கவேண்டிய ஆக்கள். நான் அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தின்ர நிர்வாகத்தில இருந்தனான், கொப்பி, கடிதம், கூட்டக் குறிப்பு எல்லாம் என்ர கையாலதான் போனது. வேற ஊர்களில இருந்து ஆக்கள் வந்து "நீங்கள் என்னெண்டு செய்தனீங்கள்" எண்டு கேக்கினம், வாயால சொல்லேக்க அரைவாசி விடுபட்டுப் போகுது, அதால முழுசா எழுதுறன்.

இடம்

மெயின் ரோட்டில இருந்து கோயிலடிக்குப் போற ஒழுங்கை. ஒரு ஓட்டோ வந்தா எதிர்ல வாற சைக்கிள் மதிலோட ஒட்டி நிக்கவேணும், அவ்வளவு அகலம்தான். இருபதுக்குக் கிட்ட வீடு. நடுவில ஒரு முடக்கு, அந்த முடக்கில ஆறு பரப்பு வளவுக்குள்ள ஒரு பழைய கல்வீடு, முன்னுக்கு விறாந்தை, பின்னுக்குக் கிணறு. 1995 ஒக்டோபர் 30 வலிகாமச் சனம் முழுக்க எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்ததில அந்தக் குடும்பமும் போனது, பேந்து வன்னி, பேந்து கொழும்பு, அங்கால லண்டனும் சுவிசும். தாய் உயிரோட இருக்கேக்க இடைக்கிட வந்து பாத்தவை, அவா செத்தாப்பிறகு ஒருத்தரும் வரேல்ல. உறுதி இன்னும் தாயின்ர பேரிலதான், பிள்ளையள் நாலு பேர், பங்கு பிரிக்கேல்ல. ரவுணில இருக்கிற சொந்தக்காரர் ஒராளுக்கு அற்றோணித் தத்துவம் (தங்களுக்குப் பதிலா வளவைப் பாக்கிற எழுத்து அதிகாரம்) குடுத்திருந்தவை, அவர் இடைக்கிட ஆளை விட்டுத் தேங்காய் பிடுங்குவிப்பார், அதோட சரி.

இப்படிக் கிடக்கிற வீட்டுக்கு என்ன நடக்கும் எண்டது யாழ்ப்பாணத்தில எல்லாருக்கும் தெரியும். முதல் யன்னல் போகும், பேந்து கதவு, நிலை, ஓடு, கடைசியில சுவருக்குள்ள ஓடின வயரைக்கூட உருவிக்கொண்டு போவினம். இஞ்சயும் அதுதான் நடந்தது. கேற்றும் போனாப்பிறகு உள்ளுக்குப் போக ஒரு மறிப்பும் இல்ல. முடக்கில போஸ்ற் நிண்டது, லைற் இல்ல.

என்ன கரைச்சல்

பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஏழெட்டுப் பெடியள் அந்த விறாந்தையில கூடுவினம். அதில நாலு பேர் எங்கட ஒழுங்கைப் பெடியள், மற்றவை பக்கத்து ஊர். முதல்ல போன் பாக்கிறது, கதைக்கிறது, அவ்வளவுதான், பெடியள் எண்டா எங்கையாவது கூடத்தானே வேணும், அதை ஆரும் பிழையெண்டு சொல்லேல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஸ்பீக்கர் வந்தது, சைலன்சர் வெட்டின மோட்டச்சைக்கிள் வந்தது, பியர் ரின் வந்தது, விடிய எழும்பிப் பாத்தா ஒழுங்கையெல்லாம் போத்தில் ஓடு. பிறகு ரியூசனால வாற பிள்ளையளைப் பாத்து விசிலடிக்கிறது, சைக்கிளுக்குக் குறுக்க மோட்டச்சைக்கிளை விடுறது. பிள்ளையள் அந்த ஒழுங்கையை விட்டுட்டு மெயின் ரோட்டால சுத்திப் போகத் தொடங்கிச்சினம், வீட்டில காரணம் கேட்டா "அங்காலயும் ரோட்டுத்தானே" எண்டு சொல்லுவினம், உண்மையைச் சொன்னா ரியூசனை நிப்பாட்டிப்போடுவினம் எண்ட பயம். கடைசியா, வெளியில இருந்து ஒராள் வரத் தொடங்கினார், பெடியளை விட வயசு கூட, வந்து பத்து நிமிசம் நிண்டிட்டுப் போவார். அவர் போதைச் சாமான் விக்கத்தான் வாறார் எண்டது எல்லாருக்கும் விளங்கினது, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

அந்த வீட்டுக்குப் பக்கத்து வளவில இளைப்பாறின ரீச்சர் ஒராள் தனிய இருக்கிறா, பிள்ளையள் வெளிநாடு. ஒருநாள் மதிலடியில நிண்டு "தம்பியவை, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ, எனக்குப் பிறசர்" எண்டு தன்மையாத்தான் கேட்டவா. அதுக்கு ஒருத்தன் சொன்ன மறுமொழி, "நாங்கள் என்ன உங்கட வளவுக்குள்ளயோ ரீச்சர் இருக்கிறம்?" இந்தக் கேள்வியை நான் கனநாள் யோசிச்சனான். திமிர்க் கதைதான், ஆனா அதுக்குள்ள ஒரு நியாயம் கிடந்தது. அது ரீச்சரின்ர வளவு இல்ல, விதானையாரின்ர இல்ல, எங்கட இல்ல, அந்த இடத்தில நிண்டு "எழும்பு" எண்டு சொல்ல உரிமையுள்ள சொந்தக்காரர் ஒருத்தரும் இலங்கையில இல்ல.

தனிய நிண்டால்

ரீச்சர் பொலிசுக்குப் போனா. தனியத்தான் போனா, துணைக்கு வாறம் எண்டு சொன்ன ரண்டு வீடு அண்டைக்கு விடிய ஒவ்வொரு சாட்டுச் சொல்லி நிண்டிட்டினம். முறைப்பாடு எழுதினது, அண்டைக்குப் பின்னேரம் ஜீப் வந்தது, பெரியவங்கள் பின் மதிலால பாஞ்சு போட்டாங்கள், ஓடத் தெரியாத ரண்டு சின்னப் பெடியள் பிடிபட்டாங்கள். ரண்டு அடி, எச்சரிக்கை, வீட்டுக்கு விட்டாச்சு. இரவு ரீச்சரின்ர கூரைச் சீற்றுக்கு மேல கல்லு விழுந்தது. ஆர் முறைப்பாடு குடுத்தது எண்டது பின்னேரத்துக்குள்ளயே ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சிருந்தது, அது என்னெண்டு வெளியில வந்தது எண்டதுக்கு இண்டைக்கும் மறுமொழி இல்ல. 2023ம் ஆண்டின் 10ம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவைக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் குடுக்குது, முறைப்பாடு குடுத்த ஆளை வெருட்டுறதே தனிக் குற்றம். சட்டம் கொழும்பில இருக்கு, கல்லு விழுந்தது ரீச்சரின்ர கூரையில.

அடுத்த கிழமை ரீச்சருக்கும் பெடியன் ஒருத்தனின்ர தேப்பனுக்கும் ஒழுங்கையில வாய்த்தர்க்கம் வந்தது. அது ரண்டு பகுதிப் பிரச்சினை எண்டு மத்தியஸ்த சபைக்குப் போனது. மத்தியஸ்த சபை எண்டது 1988ம் ஆண்டின் 72ம் இலக்கச் சட்டத்தால வந்தது, நல்ல ஏற்பாடு, சட்டத்தரணி வரேலாது, ஆக்கள் தாங்களே கதைப்பினம், இணக்கம் வராட்டி ஒரு சான்றிதழ் தருவினம், அதைக் கொண்டு கோட்சுக்குப் போகலாம். எல்லைக் கதியால், மழைத்தண்ணி வாய்க்கால், ஆடு மாடு பயிருக்குள்ள போனது, ஏச்சுப்பேச்சு, இதுகளுக்கு அதைப் போல ஒரு இடம் இல்ல எண்டு நான் இப்பவும் சொல்லுவன். ஆனா இந்தக் கேசில அது பிழையான வாசல். கல்லெறி வாங்கின மனிசியை ஒரு கதிரையில இருத்தி, மற்றக் கதிரையில தேப்பனை இருத்தி, "ரண்டு பேரும் விட்டுக் குடுங்கோ" எண்டு கேட்டா அவா எதை விட்டுக் குடுக்கிறது? நித்திரையையோ? ரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் சமாதானமா வந்திச்சினம், அண்டைக்கு இரவும் விறாந்தையில ஆக்கள் இருந்தவை.

இந்தக் கட்டத்தில விளையாட்டுக் கழகத்துப் பெடியள் சிலர் வந்து "அண்ணை, நீங்கள் விடுங்கோ, நாங்கள் ஒருநாள் இரவு வந்து குடுக்கிறதைக் குடுக்கிறம்" எண்டு சொன்னவங்கள். அக்கறையிலதான் சொன்னவங்கள், அதை நான் மறுக்கேல்ல. ஆனா நாங்கள் ஒரேயடியா வேண்டாம் எண்டனாங்கள். யாழ்ப்பாணத்தில கடந்த பத்துப் பதினைஞ்சு வருசமா வாள்வெட்டு எண்டு பேப்பரில வாசிக்கிறம், ஆவா எண்ட வாள்வெட்டுக் குழுவின்ர பேர் கொழும்புப் பேப்பர் வரைக்கும் போனது, இதுக்குள்ள போன கனபேரின்ர கதையை விசாரிச்சா ஒரு ஊர்ச் சண்டையிலதான் தொடங்கியிருக்கும். இவன் அவனுக்கு அடிச்சான், அவன் வெளியில இருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்தான், பேந்து மோட்டச்சைக்கிள், முகத்துக்குத் துணி, வாள். அடிச்சா விறாந்தையில சும்மா இருந்த பெடியனை நாங்களே தள்ளிக்கொண்டு போய் ஒரு குழுவுக்குள்ள விடுறம். அவன் எங்கட பிள்ளை, அடுத்த வருசம் ஓ.எல் எழுதவேண்டியவன்.

கொப்பி

திரும்பினது கொப்பியாலதான். நிலையத்துக் கூட்டத்தில மாதர் சங்கத்து அக்கா ஒராள் சொன்னா, "எல்லாரும் தினமும் எண்டு சொல்லுறியள், எப்பவும் எண்டு சொல்லுறியள், எந்தெந்த நாள் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லயே". அது சரியான கதை. பொலிசிட்டப் போய் "எப்பவும் கரைச்சல்" எண்டு சொன்னா அவை என்னத்தை எழுதிறது?

அஞ்சாறு வீட்டுக்கு நாற்பது தாள் கொப்பி குடுத்தம். எழுதிற முறை ஒண்டுதான்: திகதி, நேரம், கண்ணால கண்டது காதால கேட்டது, வாகன நம்பர் தெரிஞ்சா அது. பேர் எழுதக்கூடாது, "காவாலி", "கழிசறை" எண்டு எழுதக்கூடாது, கேள்விப்பட்டதை எழுதக்கூடாது. ஆரும் வெளியில போய் நிண்டு பாக்கக்கூடாது, போனில வீடியோ எடுக்கக்கூடாது. வீடியோ எடுத்து வட்ஸ்அப்பிலயும் பேஸ்புக்கிலயும் போடுறது இப்ப பெரிய பழக்கமாப் போச்சு, அது ஒரு பெடியனை ஊரெல்லாம் நாறடிச்சு அவனுக்கு இனி இழக்க ஒண்டும் இல்லையெண்டு ஆக்குறதுக்குத்தான் உதவும்.

ஒரு மாசத்துக்குப் பிறகு கொப்பியளை மேசையில விரிச்சுப் பாக்கேக்கதான் எங்களுக்கே வெளிச்சது. நாங்கள் ஒரே பிரச்சினை எண்டு நினைச்சது மூண்டு பிரச்சினை. ஒண்டு, எங்கட பெடியள் கூடுறது, சத்தம், குப்பை, இது கிட்டத்தட்ட எல்லா நாளும் ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில. ரண்டாவது, பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தொல்லை, இது ரியூசன் விடுற நேரம் மட்டும், செய்யிறது எல்லாரும் இல்ல, ரண்டு பேர், ரண்டு பேரும் வெளி ஊர். மூண்டாவது, அந்தப் பெரிய ஆள், அவர் கிழமையில ரண்டு குறிப்பிட்ட நாள் மட்டும் வாறார், அண்டைக்கு மட்டும்தான் புதுசு புதுசா மோட்டச்சைக்கிள் வருது, அண்டைக்கு மட்டும்தான் நடுச்சாமம் தாண்டிச் சத்தம்.

மூண்டையும் ஒரே வாயால "பெடியளின்ர அட்டகாசம்" எண்டு சொன்னதாலதான் ஒரு வருசமா ஒண்டும் நடக்கேல்ல. ஜீப் வந்து சத்தம் போட்ட பெடியனைப் பிடிக்கும், விக்கிற ஆள் அண்டைக்கு வந்திருக்கமாட்டார், தொல்லை குடுத்தவன் முதலே போயிருப்பான். அடி வாங்கினவனுக்கு ஊரில கோவம் மிஞ்சும், ரீச்சருக்குக் கல்லு மிஞ்சும்.

பேந்து கடிதம். முதல் கையெழுத்து ஆர் போடுறது எண்டதிலயே ரண்டு கூட்டம் போச்சு. கடைசியா நிலையத்துத் தலைவரும் செயலாளரும், மாதர் சங்கமும், கழகமும், கோயில் பரிபாலன சபையும் முதல் அஞ்சு கையெழுத்து, சீல் குத்தி, அதுக்குக் கீழ ஒழுங்கையில அனேகமா எல்லா வீடும். ரீச்சரின்ர கையெழுத்து நடுவில எங்கையோ கிடந்தது, தேடித்தான் எடுக்கவேணும். அதுதான் எங்களுக்கு வேண்டியது. பிரதேச செயலகம், பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொலிஸ், நாலுக்கும் ஒரே நாளில கையில குடுத்து, வாங்கினதுக்குக் கொப்பியில கையெழுத்து எடுத்தம். ஜீ.எஸ் மிஸ், அதாவது எங்கட கிராம சேவையாளர், எங்களோட கூட வந்தவா, வயசில சின்ன ஆள், ஆனா எந்த ஒபிசில எந்த மேசை எண்டு வடிவாத் தெரியும். அந்தக் கடிதத்தில விக்கிற ஆளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதேல்ல, அது வேற வழியால போனது.

வீட்டுக்கு ஒரு ஆள்

எனக்குக் கேட்டா இதுதான் முழுக் கேசின்ரயும் அச்சு. பெடியளைக் கலைக்கிறதைப் பற்றித்தான் எல்லாரும் கதைச்சவை, அந்த வீட்டுக்கு ஆளைக் கொண்டாறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

வழியைத் திறந்துவிட்டது நுளம்பு. 2007ம் ஆண்டின் 11ம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி ரின், போத்தில், சிரட்டை எண்டு தண்ணி தேங்கிறதுகளை அகற்றி, கிணறு தொட்டியில நுளம்பு பெருகாம வளவை வச்சிருக்கிறது சொந்தக்காரரின்ர இல்லாட்டி இருக்கிற ஆளின்ர கடமை. பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து உள்ளுக்குப் போய்ப் பாக்கலாம், அறிவித்தல் குடுக்கலாம், கேக்காட்டி வழக்குப் போடலாம். மாரி தொடங்கி நவம்பர், டிசம்பர், ஜனவரி எண்டா யாழ்ப்பாணத்தில டெங்குக் காலம், அந்த நேரம் ஒருத்தரும் பின்னுக்குப் போகமாட்டினம். பீ.எச்.ஐ வந்து பாத்தார், வளவு முழுக்க ரின்னும் போத்திலும், பாழ் கிணறு வேற. அறிவித்தல் தத்துவம் வச்சிருந்த ஐயாவுக்குப் போனது. தேங்காய்க்கு மட்டும் சொந்தக்காரரா இருந்தவர் முதன்முதலா வளவுக்கும் சொந்தக்காரர் ஆனார். பாழ் கிணறு ரோட்டுக் கரையில திறந்து கிடந்தாலோ, கட்டடம் விழுற நிலைமையில நிண்டாலோ, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 98ம் பிரிவால நீதவான் கட்டளை குடுக்கலாம், அதையும் ஐயாவுக்கு விளங்கப்படுத்தினது, வெருட்டேல்ல, கடதாசியைக் காட்டினது மட்டும்தான்.

அடுத்தது வைபர் கோல், லண்டனில இருக்கிற மகனோட. அவருக்கு விசயம் கேட்டு உண்மையிலேயே கவலை. அவர் சொன்ன கதை எனக்குப் புதுசு: அங்க ஒரு வீட்டில இப்படிக் கூட்டம் கூடி அயலுக்குத் தொல்லை எண்டா 2014ம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலோ பொலிசோ முதல் 48 மணித்தியாலம் வரைக்கும் அந்த இடத்தை மூடலாமாம், கோட்சுக்குப் போனா 3 மாசம், நீட்டினா 6 மாசம் வரைக்கும். ஆறு மாசத்துக்குள்ள மூண்டு முறைப்பாடு குடுத்தும் ஒண்டும் நடக்காட்டி, கவுன்சிலும் பொலிசும் வீட்டு நிறுவனமும் ஒண்டா இருந்து உன்ர கேசைத் திருப்பிப் பாக்கவேணும் எண்டு கேக்கிற உரிமையும் இருக்காம். நானும் தேடி வாசிச்சனான், உண்மைதான். 1998ல கொண்டந்த அஸ்போ எண்ட சமூகவிரோத நடத்தைக் கட்டளை அவ்வளவு சரிவராமத்தான் 2014ல இந்த ஏற்பாட்டுக்கு மாறியிருக்கினம். அங்க கனபேர் கவுன்சில் வீட்டிலயும் வீட்டு நிறுவனத்து வீட்டிலயும் வாடகைக்கு இருக்கினம், கரைச்சல் குடுத்தா வீட்டுக்காரன் எழுப்பலாம், அந்தப் பயம் வேலை செய்யும். எங்களுக்கு அது பொருந்தாது, இஞ்ச ஆளாளுக்குச் சொந்த வளவு, சீதன வீடு, ஆரை ஆர் எழுப்புறது? ஆனா "மூண்டு தரம் சொல்லியாச்சு, இனி எல்லா ஒபிசும் ஒரு மேசையில இருந்து மறுமொழி சொல்லு" எண்டு கேக்கிற உரிமை எங்களுக்கும் கட்டாயம் வரவேணும். நாங்கள் ஒபிஸ் ஒபிசாக் கடிதத்தோட அலைஞ்சது அந்த ஒரு மேசை இல்லாததாலதான்.

வீட்டில ஒரு குடும்பத்தை இருத்துங்கோ எண்டு கேக்க, நாலு பிள்ளையளுக்குள்ளயும் பெரிய இழுபறி. பயம் ஒண்டுதான்: இருந்தவை வீட்டைப் பிடிச்சுப்போடுவினம். அது சும்மா பயமும் இல்ல, 1871ம் ஆண்டின் 22ம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருசம் எதிரிடையா ஆண்டா உரிமை கேக்கலாம், யாழ்ப்பாணக் கோட்சில இந்த வழக்குகள் குவிஞ்சு கிடக்கு. ஆனா அனுமதியோட, எழுத்தோட இருக்கிற ஆளுக்கு அந்தப் பத்து வருசம் ஓடாது. இதை ஊரில இருக்கிற சட்டத்தரணி ஒராள் காசு வாங்காமல் வைபரில இருந்து நாலு பேருக்கும் விளங்கப்படுத்தினவர், அவருக்கு நாங்கள் எப்பவும் கடமைப்பட்டிருக்கிறம். ஒரு மாசத்துக்கு மேல எண்டா குத்தகை நொத்தாரிசு முன்னால முடிக்கவேணும், அப்படியே முடிச்சினம்: ஒரு வருசம், சின்ன வாடகை, வளவு துப்பரவும் கேற்றும் குடியிருக்கிறவை பொறுப்பு, கூரையும் கதவும் சொந்தக்காரர் பொறுப்பு. தையல் வேலை செய்யிற ஒரு குடும்பம் வந்தது, தாய், தேப்பன், ரண்டு பிள்ளையள். வந்து ஒரு கிழமைக்குள்ள விறாந்தையில மெசின் ஓடத் தொடங்கிட்டுது.

லைற்றுக்குத்தான் சரியா மினக்கெட்டம். 2023 மார்ச் 19ஓட உள்ளூராட்சிச் சபைகளின்ர காலம் முடிஞ்சு, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் எங்கட வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இல்ல, போய்க் கேக்க ஒரு முகம் இல்ல. கடைசியில முடக்கில இருந்த ரண்டு வீட்டுக்காரர் தங்கட தங்கட மதிலில எல்ஈடி பல்ப் பூட்டிச்சினம், பல்ப்புக் காசு கனடாவில இருந்து வந்தது, கரண்ட் பில் அவையின்ர. போஸ்ற்றில லைற் வர இன்னும் கனகாலம் எடுத்தது.

பெடியள்

எங்கட நாலு பெடியளின்ர வீட்டுக்கும் ஆள் போனது. ஆர் ஆர் வீட்டை போறது எண்டதை நிதானமா யோசிச்சு முடிவெடுத்தம். ஒருத்தனுக்கு மாமன், ஒருத்தனுக்குப் படிப்பிச்ச ரீச்சர், ஒருத்தனுக்குக் கழகத்து கப்டன். நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சனத்துக்கு முன்னால நிப்பாட்டி மன்னிப்புக் கேக்கப்பண்ணுவம் எண்டு சிலர் சொன்னவை, அதுக்கு நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளேல்ல, தாய்க்கு முன்னால வீட்டில வச்சுச் சொல்லுறதுக்கும் ஊருக்கு முன்னால தலை குனிய வைக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம். மாமன் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நீ சில நாளில பத்து மணிக்குப் பிறகும் ஸ்பீக்கர் போடுறாய், ஒலிபெருக்கியை இரவு பத்துக்கும் விடிய ஆறுக்கும் இடையில கோயிலுக்கே விடாத நாடு இது, 2007ல உயர் நீதிமன்றம் சொன்னது. போத்தில் ஓட்டில குத்தினது உன்ர அம்மம்மாவின்ர கால். இனி அங்க வீட்டுக்காரர் வருகினம், நீங்கள் எங்க இருக்கப்போறியள் எண்டு சொல்லு, அதைப் பாப்பம்."

"எங்க இருக்கிறது" எண்டதுக்கு எங்களிட்ட மறுமொழி இருக்கவேணும், இல்லாட்டி அடுத்த ஆளில்லா வீட்டுக்குப் போவாங்கள். கழகம் கரப்பந்துத் திடலுக்கு லைற் போட்டு இரவு எட்டரை வரைக்கும் திறந்து விட்டது. வாசிகசாலைப் பின் அறையில கரம் போட் வச்சம். பெரிசா ஒண்டும் இல்ல, ஆனா மூண்டு பேர் வந்தாங்கள்.

நாலாவது பெடியன் வரேல்ல. அவன் பள்ளிக்கூடம் போறதை விட்டிட்டான், பதினாறு வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி எண்டு சட்டம் இருந்தும் அவன் வராததை ஒருத்தரும் தேடேல்ல. அவனுக்கு ஐஸ் எண்ட போதைப்பொருள் பழக்கம். தாய் அதைச் சொல்லி அழுதவா, பொலிசுக்குச் சொன்னா பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட பயத்தில மாசக்கணக்கா மூடி வச்சிருக்கிறா. 2023 டிசம்பரில பொலிசின்ர யுக்திய எண்ட போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கி நாடு முழுக்கச் சுற்றிவளைப்பு நடந்த நேரம், அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவவுக்கு 1927 நம்பரைக் குடுத்தம், அபாயகர ஒளடதக் கட்டுப்பாட்டுச் சபையின்ர ஆலோசனை நம்பர், பேந்து பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தரோட சேர்ந்து ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். அவன் பாவிக்கிற பிள்ளை, விக்கிற ஆள் இல்ல, இந்த ரண்டையும் ஒரே கண்ணால பாக்கிறது பெரிய அநியாயம் எண்டது என்ர உறுதியான எண்ணம்.

தொல்லை குடுத்த ரண்டு பேரையும் நாங்கள் சமாதானம் பேசக் கூப்பிடேல்ல. அது பேசித் தீர்க்கிற விசயம் இல்ல, தண்டனைச் சட்டக்கோவை 345ம் பிரிவு, சொல்லாலயோ செய்கையாலயோ பாலியல் தொந்தரவு குடுத்தா அஞ்சு வருசம் வரைக்கும் மறியல். ஒரு பிள்ளையின்ர தாய் வாக்குமூலம் குடுக்கிறன் எண்டு முன்னுக்கு வந்தவா, பிள்ளையும் சம்மதம், ரண்டு பொம்பிளையள் துணைக்குப் போய், பொலிசில சிறுவர் பெண்கள் பிரிவில பொம்பிளைப் பொலிசிட்டக் குடுத்தவை. தமிழில எழுதச் சொல்லிக் கேட்டு, வாசிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டவை, எழுதினது விளங்காட்டிக் கையெழுத்துப் போடவேண்டாம் எண்டு போற எல்லாருக்கும் நான் சொல்லுறனான். வாகன நம்பர் கொப்பியில திகதியோட இருந்தது, அது கன உதவி.

விக்கிற ஆளின்ர விசயத்தில ஒழுங்கைச் சனம் ஒருத்தரும் முன்னுக்கு வரேல்ல, வரவும் நாங்கள் விடேல்ல. வாற நாள், நேரம், வாகன நம்பர், இதுகள் மட்டும் ஊருக்கு வெளியில இருக்கிற ஒரு பெரியவர் மூலமா மேல போனது. 2022ம் ஆண்டின் 41ம் இலக்கத் திருத்தச் சட்டத்தால ஐஸ் 5 கிராமோ அதுக்கு மேலயோ எண்டா மரணதண்டனை அல்லது ஆயுள்தண்டனை வரைக்கும் போகும், அப்படிப்பட்ட விசயத்தில ஒரு ரீச்சரையோ கடைக்காரரையோ சாட்சியா நிப்பாட்டுறது அவையை நடுரோட்டில விடுற வேலை. ஆளை வேற இடத்தில வச்சுப் பிடிச்சினம், எங்கட ஒழுங்கையின்ர பேர் எங்கயும் வரேல்ல.

இப்ப எப்படி

ரியூசன் பிள்ளையள் திரும்பவும் முடக்கால வருகினம். ரீச்சரின்ர சீற்றில அதுக்குப் பிறகு கல்லு விழேல்ல, ஆனா அவா இன்னும் ஏழு மணிக்கே முன் கதவைப் பூட்டிப்போடுறா, பயம் போக இன்னும் காலம் எடுக்கும். வாய்த்தர்க்கப்பட்ட தேப்பனோட அவா கதைக்கிறேல்ல, மத்தியஸ்த சபைக் கடதாசியில சமாதானம் எண்டுதான் கிடக்கு.

கடையில சிகரட்டும் மாவா எண்ட பாக்குப் புகையிலைக் கலவையும் சின்னப் பிள்ளையளுக்குப் போகுது எண்ட கதை இன்னும் முடியேல்ல. 2006ம் ஆண்டின் 27ம் இலக்கச் சட்டப்படி இருபத்தொண்டு வயசுக்குக் குறைஞ்ச ஆளுக்குப் புகையிலைச் சாமானோ மதுவோ விக்கேலாது. கடைக்காரருக்கு ரண்டு தரம் சொல்லியாச்சு, அவர் "நான் குடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவாங்கள்" எண்டு நிக்கிறார். அடுத்த கடிதம் பீ.எச்.ஐக்குத்தான்.

நாலாவது பெடியன் கிளினிக்குக்கு ஒழுங்கா வாறதும் இல்ல, முழுசா விட்டதும் இல்ல. தாய் கேட்டா நிலையத்தில இருந்து ஒராள் கூடப் போறது எண்டு ஒழுங்கு பண்ணியிருக்கிறம். தொழிற்பயிற்சிக்கு வெல்டிங் பழகப் போறன் எண்டு ஒருக்காச் சொன்னவன், அதைப் பிடிச்சுக்கொண்டு கழகத்து கப்டன் அவனோட கதைச்சுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக் குத்தகை ஒருக்காப் புதுப்பிச்சாச்சு. சுவிசில இருக்கிற மகள் பங்கைப் பிரிச்சு விக்கவேணும் எண்டு நிக்கிறா, லண்டன் மகன் இப்ப வேண்டாம் எண்டுறார். வித்தாலும் ஆள் இருக்கிற வீடாத்தான் விக்கவேணும், தையல்காரக் குடும்பத்துக்கு மூண்டு மாச அறிவித்தல் குடுக்கவேணும் எண்டு நிலையத்தின்ர பேரில கடிதம் எழுதி நாலு பேருக்கும் அனுப்பியிருக்கிறம். மூண்டு பேர் சரியெண்டு மறுமொழி போட்டுட்டினம், நாலாவது ஆளின்ர மறுமொழிக்குப் பாத்துக்கொண்டிருக்கிறம். ஒழுங்கையின்ர அங்கால் முனையில இன்னொரு வீடு காலியாகப் போகுது, அவை கனடாவுக்குப் போக முதலே ஜீ.எஸ் மிஸ்சும் நாங்களும் போய்க் கதைச்சு, ஆரை இருத்திப்போட்டுப் போறது எண்டு இந்தக் கிழமை முடிவெடுக்க இருக்கிறம்.